இடுக்கு ஆபீஸ்

கால்பந்து நடுவரின் ஈறில் கம்பித் துண்டு சிக்கிக்கொண்ட அன்று மைதானத்தில் ஆட்டம் நிற்கவே இல்லை. விசில் ஊத உதட்டைக் குவித்தால் அவருக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ஊதாத விசிலுக்கு யார் நிற்பார்கள்? இடைவேளை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இரண்டு அணியும் ஓடிக்கொண்டே இருந்தன. நடுவர் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பார்க்க வந்தவர்களும் மரியாதைக்குப் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். கடைசியில் ஒரு கோல்கீப்பர் பசி தாங்காமல் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் ஆட்டம் முடிந்தது.

நடுவரின் மனைவி சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தாள். பாட்டில் கழுவும் பிரஷ், குழாய் அடைப்பு எடுக்கும் பிரஷ், தையல் மெஷினுக்குள் பஞ்சு எடுக்கும் பிரஷ் என்று கை நுழையாத இடத்துக்கெல்லாம் அவளிடம் ஒரு பிரஷ் உண்டு. தெருவில் எல்லோருக்கும் அவள் பிரஷ் அக்கா. முகம் வீங்கி வந்து நின்ற கணவரைப் பார்த்ததும் பட்டறையைப் பூட்டிவிட்டு, அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஒரு சின்னக் குறடால் ஈறைத் துழாவி, மயிரிழை போன்ற கம்பித் துண்டு ஒன்றை வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார்.

"பல்லிடுக்கு சுத்தம் பண்ற குச்சியோட நுனி. நடுவுல கம்பி, சுத்தி நார். கொஞ்ச நாள் மடங்கி மடங்கி கம்பி முறிஞ்சிடும். முறிஞ்சது உள்ளேயே தங்கிடும்."

"இடுக்கு ஆபீஸ் முத்திரை பாத்துத்தானே டாக்டர் வாங்கினேன்!" என்றாள் பிரஷ் அக்கா.

"முத்திரை உடையலையேம்மா. குச்சிதானே உடைஞ்சது" என்றார் டாக்டரம்மா, கையைக் கழுவிக்கொண்டே. அன்று காலையிலிருந்து இதே பதிலைப் பலருக்கும் சொல்லியிருப்பார் போல, குரலில் சுரத்தே இல்லை.

பிரஷ் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. கம்பியை முறுக்கிச் செய்கிற பிரஷ் கம்பியில்தான் முதலில் போகும் என்பது அவளுக்குப் பட்டறையில் தினமும் பார்த்த சங்கதி. பாட்டிலில் முறிந்தால் கவிழ்த்துத் தட்டலாம். மனுஷனை எப்படிக் கவிழ்த்துத் தட்டுவது? கம்பியே இல்லாமல், பிடியும் நுனியும் ஒரே வார்ப்பாக, ரப்பர் மாதிரி வளைகிற பொருளில் ஒன்று செய்து பார்த்தாள். சோதித்துப் பார்க்க நடுவரின் வாய் இருந்தது. முதலில் செய்தது தடிமனாகிப் பல்லுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறங்கிவிட்டது. அதை எடுக்கும்வரை வீடு அமைதியாக இருந்தது. அடுத்தது ஈரத்துணி மாதிரி துவண்டது. அதற்கடுத்ததன் நுனி எங்கே போனது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நடுவர் தொண்டையைத் தடவிக்கொண்டார், அவள் வேறு பக்கம் பார்த்தாள். இப்படியே மாதங்கள் போய், நுனி மழுங்கலாக, ஓரத்தில் மெத்தென்ற வரிகளோடு, எத்தனை வளைத்தாலும் நிமிர்ந்துகொள்கிற ஒன்று கைக்கு வந்தது. நடுவர் அதைப் பல்லிடுக்கில் விட்டு எடுத்தார். கீரை நார் ஒன்று வந்தது. ரத்தம் வரவில்லை. பட்டறையே அதிரும்படி விசில் ஊதிக் காட்டினார்.

டாக்டரம்மாவும் அதை வளைத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், தன் பல்லிலேயே விட்டும் பார்த்தார்.

"என்கிட்ட வர்ற அத்தனை பேருக்கும் இதைக் குடுக்கணும்மா. ஆனா இடுக்கு ஆபீஸ் முத்திரை இல்லாம குடுத்தா என் கிளினிக்கை மூடிடுவாங்க. செஞ்ச குத்தத்துக்கு உன் பட்டறையையும் மூடிடுவாங்க. போய் ஒரு முத்திரை வாங்கிட்டு வந்துடு. நல்ல பொருள்தானே, என்ன கஷ்டம் இருக்கப் போகுது?"

டாக்டரம்மா படித்தவர். ஆனால் இடுக்கு ஆபீசுக்குள் போனதில்லை.

பல்லிடை வெளி மேலாண்மை மற்றும் தூய்மைக் கருவிகள் தர நிர்ணய ஆணையம் என்பது அதன் முழுப் பெயர். வாசலில் இரண்டு பிரம்மாண்டமான சிமெண்ட் பற்கள் நின்றன. அவற்றுக்கு நடுவில் இருந்த சந்துதான் நுழைவாயில். ஒல்லியானவர்கள் நேராக நுழைந்தார்கள். மற்றவர்கள் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்கள். பிரஷ் அக்காவுக்குப் பின்னால் வந்த நடுவர் பாதியில் சிக்கிக்கொண்டார். காவலாளி பழகிய கையால் அவரைத் தள்ளிவிட்டார்.

"பல்லா? இடுக்கா?" என்று கேட்டாள் முன்மேசைப் பெண்.

"பல்லிடுக்கு."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. பல்லுன்னா சுகாதாரத் துறை, பக்கத்து கட்டடம். இடுக்குன்னா மாடிக்குப் போங்க."

மாடியில் இடுக்கு அதிகாரி இருந்தார். அவர் அறையின் சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்தது. சட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. கீழே 'இடுக்கு' என்று எழுதியிருந்தது. பிரஷ் அக்கா தன் கருவியை மேசைமேல் வைத்து, கம்பி முறிவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவசரப்படாதீங்க. முதல்ல இடுக்குன்னா என்னன்னு தெரிஞ்சுக்கங்க. இந்தப் பக்கம் ஒரு பல்லு. அந்தப் பக்கம் ஒரு பல்லு. நடுவுல?"

"சாப்பாடு சிக்கியிருக்கும் சார்."

"அது ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பை எடுத்துட்டா?"

"ஒண்ணும் இருக்காது."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அதான்! அந்த ஒண்ணுமில்லாததைத்தான் இத்தனை வருஷமா நாங்க நிர்வாகம் பண்றோம். பல்லு விழும், ஈறு சுருங்கும். ஒண்ணுமில்லாததுக்கு மட்டும் அழிவே கிடையாது. எங்க ஆபீசும் அப்படித்தான். எத்தனையோ பேர் மூடணும்னு பாத்தாங்க. எதை மூடறதுன்னு அவங்களுக்குத் தெரியல."

அவர் எழுந்து நின்று அந்தக் காலிச் சட்டத்தைத் துடைத்துவிட்டு, இவர்களைக் கீழ்த்தளத்துக்கு, உறுதிச் சோதனைக்கு அனுப்பினார்.

கீழ்த்தளத்தில் ஒரு பெரிய இயந்திரமும் அதைவிடப் பெரிய மீசையோடு ஒரு சோதனையாளரும் இருந்தார்கள். சோதனையாளர் முதலில், முறை எப்படி என்று காட்டுவதற்காக முத்திரை போட்ட கம்பிக் குச்சி ஒன்றை இயந்திரத்தின் வாயில் பொருத்தினார். இயந்திரம் இப்படியும் அப்படியும் வளைத்தது. டக் என்று முறிந்தது. அவர் கண்ணை மூடி அந்தச் சத்தத்தை ரசித்தார்.

"கேட்டீங்களா? என்ன ஒரு மரியாதை! வீணா நேரத்தைக் கடத்தல, அடம் பிடிக்கல. எப்ப உடையணுமோ அப்ப உடைஞ்சுது. உடைஞ்சாத்தான் எத்தனை உறுதின்னு எழுத முடியும்."

பிறகு பிரஷ் அக்காவின் கருவியைப் பொருத்தினார். இயந்திரம் வளைத்தது. கருவி வளைந்தது, நிமிர்ந்தது. டீ வந்தது. இயந்திரம் வளைத்துக்கொண்டே இருந்தது. சோதனையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மீசையை முறுக்கினார், மறுபடி உட்கார்ந்தார். மறுநாள் வரச்சொன்னார். மறுநாளும் கருவி வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு நாள் படார் என்று சத்தம் கேட்டது. சோதனையாளர் சந்தோஷமாக ஓடிப்போய்ப் பார்த்தார். முறிந்தது இயந்திரத்தின் கை.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தனை கம்பெனிப் பொருளை உடைச்ச கை தெரியுமா இது?"

"சார், உடையலைன்னா நல்லதுதானே? அதுக்குத்தானே செஞ்சேன்?"

"உடையலைன்னா சோதனை முடியலைன்னு அர்த்தம். சோதனை முடியாத பொருளுக்கு எப்படி முத்திரை? கொஞ்சம் ஒத்துழைப்பு குடுங்கம்மா. வீட்டுக்குப் போய் கொஞ்சம் உடையற மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டாங்க."

பிரஷ் அக்கா திரும்பி நடுவரைப் பார்த்தாள். மைதானத்தில் யாரையும் வெளியேற்றத் தயங்காத மனிதர், இங்கே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னங்க, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்."

"விதி அப்படி இருந்தா என்னம்மா பண்றது?" என்றார் அவர். விதிப் புத்தகத்தை மதித்தே வளர்ந்த உடம்பு.

உறுதிச் சோதனையை 'கருவி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி நிலுவையில் வைத்துவிட்டு, பாதுகாப்புச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். பாதுகாப்பைச் சோதிப்பது இயந்திரத்தில் இல்லை, 'தர வாய்' என்ற ஒன்றில். நாட்டில் உள்ள எல்லா வாய்க்கும் அளவுகோலாக ஆணையம் ஒரு ஊழியரின் வாயைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. அவருக்குத் தனி அறை, மெத்தை வைத்த நாற்காலி, வாயைத் திறக்கும்போது வெளிச்சம் காட்ட ஓர் உதவியாளர். அவர் உள்ளே வந்ததும் குழுவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆணையத் தலைவரே எழுந்து நின்றார்.

தர வாய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். பிரஷ் அக்கா எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரே ஒரு பல் இருந்தது.

"சார்... இடுக்கு எங்கே?"

இத்தனை நாளாக அதை யாரும் கேட்டதில்லை. தர வாய் பதவிக்கு வந்தபோது பல்வரிசை அமோகமாக இருந்தது. பிறகு சோதனைக்கு வந்த கம்பிக் குச்சிகள் ஒவ்வொன்றாக முறிந்து உள்ளே தங்க, பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. பணி மூப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"ஒரு பல்லுக்கு ரெண்டு பக்கமும் இடுக்குன்னு எடுத்துக்கலாமே?" என்றார் இடுக்கு அதிகாரி.

"அப்படிப் பாத்தா அந்தப் பக்க இடுக்கு கன்னம் வரைக்கும் போகுது" என்றார் இன்னொருவர்.

"போகட்டுமே. பெரிய இடுக்கு, பெரிய ஆபீஸ்."

விவாதம் சூடு பிடித்தது. தர வாய் திறந்த வாயோடு தூங்கிவிட்டார். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன நடுவர், ஓர் ஓரத்தில் நின்று பெரிதாகக் கொட்டாவி விட்டார். விவாதம் சட்டென்று நின்றது. தலைவர் தன் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார்.

"அப்படியே இருங்க. மூடாதீங்க."

குழு மொத்தமும் நடுவரைச் சூழ்ந்துகொண்டது. விசில் ஊதி ஊதியோ என்னவோ, அவருடைய முன்பற்களுக்கு நடுவே அளவெடுத்த மாதிரி சந்து விழுந்திருந்தது. இடுக்கு அதிகாரி கண்ணீர் மல்க, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒண்ணுமில்லாததைப் பாத்ததே இல்ல" என்றார். கொட்டாவி முடிவதற்குள் பழைய தர வாய்க்கு ஓய்வும் நடுவருக்குப் பதவியும் தீர்மானமாகிவிட்டன.

"அவர் என் வீட்டுக்காரர் சார்" என்றாள் பிரஷ் அக்கா, வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"ஆளு உங்க வீட்டுக்காரர்தான்மா" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "அதுல ஆணையம் தலையிடாது. வாய் மட்டும் இனிமே எங்களுது."

சரி, நல்லதாகப் போயிற்று, இனி சோதனை சீக்கிரம் நடக்கும் என்று அவள் நினைத்தாள். நடக்கவில்லை. பழைய தர வாயின் பற்கள் போன கதையால், முத்திரை பெறாத கருவி இனித் தர வாயில் நுழையக் கூடாது என்று புதிதாக ஒரு விதி வந்தது. தர வாயில் நுழையாத கருவிக்கு முத்திரை கிடையாது என்பதும் விதி. அதற்கும் மேலே ஒன்று இருந்தது: அளவுகோலின் அளவு மாறக் கூடாது, ஆகையால் தர வாயைச் சுத்தம் செய்யவே கூடாது.

நடுவர் முதல் வாரம் சங்கடப்பட்டார். இரண்டாம் வாரம் பழகிக்கொண்டார். மைதானத்தில் விசில் ஊதினால் நாலு பேர் அடிக்க வருவார்கள். இங்கே வாயைத் திறந்தால் தலைவரே எழுந்து நிற்கிறார். வீட்டுக்கும் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார். ஈறு மறுபடி சிவந்து வீங்கியது. சோறு மெல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது.

"எடுத்து விடறேன், வாயைத் திறங்க" என்று அவள் கருவியோடு வந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது ஆபீஸ் வாய். நீ கை வைக்கக் கூடாது."

"கட்டிக்கிட்டப்போ இந்த வாயோடதான் கட்டிக்கிட்டேன். அப்ப எந்த ஆபீசும் வந்து நிக்கல."

"புரிஞ்சுக்கோம்மா. நாட்டுல இருக்கிற வாய்க்கெல்லாம் என் வாய்தான் கணக்கு."

"நாட்டு வாயெல்லாம் இப்படி நாறணுமாக்கும்!"

அவர் எழுந்து போனார். ஒரு வாய்க்காக வருத்தப்பட்டு ஆரம்பித்த வேலையில் அந்த வாயையே பறிகொடுத்துவிட்டோமே என்று நினைத்தபடி அவள் கருவியைப் பைக்குள் போட்டாள். அன்றிரவு தலையணையை எடுத்துக்கொண்டு பட்டறையில் போய்ப் படுத்தாள்.

ஆணையத்தின் ஆண்டு விழா வந்தது. புதிய தர வாயைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்ய மேடை போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிவதற்காக நடுவரின் வாயைப் பின்னால் ஒரு பெரிய திரையில் காட்டினார்கள். திரையில் அது ஒரு குகை மாதிரி இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் பின்வரிசைக்குப் போனார்கள். பிரஷ் அக்கா ஓரத்து நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எங்களைப் பாத்து, நீங்க மக்களுக்கு என்ன செஞ்சீங்கன்னு கேக்கறாங்க. நான் தைரியமா சொல்றேன். நாங்க முத்திரை குடுத்த எந்தக் கருவியும் இதுவரைக்கும் உடையாம இருந்ததில்ல. இந்த ஒழுங்கு வேற எந்த ஆபீஸ்ல இருக்கு? உடையாத கருவின்னு ஒண்ணு வந்தா என்ன ஆகும்? ஜனங்க ஒண்ணே ஒண்ணு வாங்குவாங்க. வாங்கிட்டு எங்களை மறந்துடுவாங்க. பாதுகாப்புங்கறது என்ன? இந்த ஆபீஸ் பாதுகாப்பா இருக்கறதுதான்."

கைதட்டல் எழுந்தது. அந்த உற்சாகத்தில் தலைவர் முத்திரை போட்ட கம்பிக் குச்சி ஒன்றை எடுத்து, சுத்தம் செய்யாமல் சும்மா அளவு காட்டுவதற்காக, நடுவரின் வீங்கிய ஈறோரம் நுழைத்தார். திருப்பினார். டக்.

அந்தச் சத்தம் ஒலிபெருக்கி வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது. திரையில் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. நடுவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தார். கத்தினால் வாயின் அளவு மாறிவிடுமே என்று கத்தாமல் இருந்தார். கண்ணீர் மட்டும் காதுப்பக்கம் வழிந்தது.

"பாத்தீங்களா!" என்றார் தலைவர் கூட்டத்தைப் பார்த்து. "குறிச்ச இடத்துல குறிச்ச மாதிரி!"

பிரஷ் அக்கா எப்போது மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. காவலாளி மறித்தான். அவனைப் பையாலேயே ஒரு தள்ளு தள்ளினாள். நடுவரின் தலையை ஒரு கையால் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள்.

"என்னங்க, இப்பவும் ஆபீஸ் வாய்தானா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா? வலியில் அவருக்கும் தெரியவில்லை. ஆனால் வாயை மூடவில்லை. அவள் தன் கருவியை நுழைத்து, மெல்லச் சாய்த்து, அந்த மெத்தென்ற வரிகளால் கம்பித் துண்டைக் கீழிருந்து நெம்பினாள். துண்டு வெளியே வந்தது. பின்னாலேயே பல நாள் ஆக்கிரமிப்பும் வந்தது. திரையில் ஒவ்வொன்றாக வெளிப்பட, கூட்டம் கோல் விழுந்த மாதிரி கத்தியது. நடுவர் நாக்கால் ஒரு தடவை உள்ளே தடவிப் பார்த்தார். பிறகு மேடை, தலைவர், திரை எல்லாவற்றையும் மறந்து, மனைவியின் சேலைத் தலைப்பில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அளவுகோலை அழிச்சுட்டாங்க!" என்று அலறினார் இடுக்கு அதிகாரி.

கூட்டம் மேடையை நோக்கி நகர்ந்தது. "அந்தக் குச்சி எங்கே கிடைக்கும்?" என்று பல குரல்கள். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார், பிரஷ் அக்காவின் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பதவியில் அவர் சும்மா நீடிக்கவில்லை. ஒலிபெருக்கியை மறுபடி வாயருகே கொண்டுபோனார்.

"பொதுமக்களே! ஆணையம் இந்தக் கருவியைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தது. இது பல்லிடுக்கு சுத்தம் பண்ற கருவியா? இல்லவே இல்ல. நாங்க முத்திரை குடுத்த கருவி உடைஞ்சா, அந்தத் துண்டை எடுக்கற துணைக் கருவி! துணைக் கருவிக்கு உறுதிச் சோதனை தேவையில்ல. இதுக்கு இப்பவே, இந்த மேடையிலேயே முத்திரை வழங்கறேன்."

முத்திரை விழுந்தது. கூடவே நிபந்தனையும் விழுந்தது. துணைக் கருவியைத் தனியாக விற்கக் கூடாது, கம்பிக் குச்சியோடு சேர்த்தே விற்க வேண்டும். கம்பிக் குச்சி உடைந்த பிறகுதான் துணைக் கருவியை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். மீறினால் தண்டனை.

பிரஷ் அக்கா வீட்டுக்கு வந்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அளவு மாறிவிட்டதால் நடுவரைப் பதவியிலிருந்து நீக்கிய ஆணையை ஒரு ஆள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். நடுவர் அதைப் படித்துவிட்டு, மெத்தை வைத்த நாற்காலியைத் தூக்கித் தெருவில் வைத்தார்.

டாக்டரம்மாவின் கிளினிக்கில் இப்போது கதவோரம் ஒரு கூடை இருக்கிறது. வருகிறவர்கள் இரண்டும் சேர்ந்த பெட்டியைப் பிரிப்பார்கள். கம்பிக் குச்சியை எடுத்து, வாய்க்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாமல், டக் என்று ஒடித்துக் கூடையில் போடுவார்கள். சட்டம் திருப்தியானதும் அடுத்ததை எடுத்துப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்துகொள்வார்கள். யாருக்கும் ஈறு கிழிவதில்லை. கம்பிக் குச்சி விற்பனை எந்தக் காலத்திலும் இல்லாத உச்சத்துக்குப் போனது. அதற்காகத் தலைவருக்கு ஒரு விருது கொடுத்தார்கள். உடைந்தது சரியாகத்தான் உடைந்ததா என்று பார்க்க, கூடை ஒன்றுக்கு ஓர் ஆய்வாளர் என்று ஆணையம் புதிதாக ஆள் எடுத்தது.

பிரஷ் அக்காவின் தெருவுக்கும் ஓர் ஆய்வாளர் வந்தார். இளவயது, ஒடிசலான உடம்பு. வந்த முதல் நாள் பட்டறை வாசலில் வைத்திருந்த கூடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தாடையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நடுவர் கவனித்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன தம்பி, வலிக்குதா?"

"உள்ள ஏதோ மாட்டிக்கிச்சு சார். காலைலேர்ந்து உயிர் போகுது."

நடுவர் பட்டறைக்குள் போய் ஒரு பெட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். ஆய்வாளர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பெட்டியைப் பிரித்து நேராகத் துணைக் கருவியைக் கையில் எடுத்தார்.

"அதுக்கு முன்னாடி" என்று உள்ளேயிருந்து பிரஷ் அக்காவின் குரல் கேட்டது, "டக் சத்தம் எனக்குக் கேக்கல!"

ஆய்வாளர் விறைப்பாக எழுந்து நின்று, ஒரு கம்பிக் குச்சியை எடுத்து, விதிப்படி ஒடித்தார்.